கையசைத்தால் திரை அசையுமா?

கண்காட்சிகளில் கையசைவால் இயங்கும் திரைகள், மிதித்தால் மீன் ஓடும் தரைகள் இப்போது டெல்டா ஊர்களுக்கும் வந்துவிட்டன. அவை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

அறிவியல் கண்காட்சியில் ஒரு பெரிய திரை. கையை ஆட்டினால் படம் நகரும் என்றார்கள். நான் கை ஓயும்வரை ஆட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் நின்ற சின்னப் பையன் கை தூக்கியதும் நகர்ந்தது. ஏன் இப்படி?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

பெரும்பாலும் நின்ற இடம்தான் காரணம். திரைக்கு மேலோ கீழோ ஒரு கேமரா இருக்கும். முழு உடலையும் பார்க்கும் வகை என்றால், நீங்கள் ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் தள்ளி, அதாவது ஐந்து முதல் எட்டடி தூரத்தில் நிற்க வேண்டும். வேலை செய்யவில்லை என்றதும் எல்லாரும் என்ன செய்கிறோம்? இன்னும் ஓரடி கிட்டே போகிறோம். கிட்டே போகப் போகத் தலையோ இடுப்போ கேமராவின் பார்வைக்கு வெளியே போய்விடும். அப்புறம் அந்தக் கருவிக்கு நீங்கள் ஓர் ஆளாகவே தெரிய மாட்டீர்கள். தரையில் பாதம் வரைந்த ஸ்டிக்கர் இருந்தால் அதன் மேல் நில்லுங்கள். ஒட்டியிருக்காவிட்டால் அரங்கில் நிற்பவரிடம் கேளுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாத அரங்கை நாங்கள் பாதி வேலை முடிந்த அரங்கு என்றுதான் சொல்வோம்.

இன்னொரு காரணம், யாருடைய கையைக் கருவி கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது. பல அமைப்புகளில் முதலில் கை உயர்த்தியவர்தான் 'ஆட்டக்காரர்'. அவர் விலகும்வரை மற்றவர் கைகள் கணக்கில் வராது. நீங்கள் ஆட்டிக்கொண்டிருந்தபோது கருவி அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். கூட்டம் நெருக்கி நின்றால் இந்தக் குழப்பம் இன்னும் கூடும்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். கூட வந்தவர்களை ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். கையில் பை, இடுப்பில் குழந்தை இருந்தால் இறக்கிவிடுங்கள். பையும் கையும் சேர்ந்து ஒரே உருவமாகத் தெரிந்தால் கருவிக்கு மணிக்கட்டு எங்கே என்று புரியாது. திரையை நேராகப் பார்த்து நின்று, முழங்கையை மடக்கி, உள்ளங்கை திரையைப் பார்க்கும்படி தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கி ஒரு விநாடி அசையாமல் வைத்திருங்கள். திரையில் ஒரு கைச்சின்னமோ வட்டமோ தோன்றும். அது வந்த பிறகு மெதுவாக நகர்த்துங்கள். வேகமாக ஆட்டினால் படம் மங்கி, விரல்கள் கோடாகிவிடும். தேர்ந்தெடுக்க வேண்டிய பொத்தான் மேல் கையைக் கொண்டுபோய் ஒன்று, ஒன்றரை விநாடி நிறுத்தினால் போதும். வட்டம் நிறையும், அதுதான் 'கிளிக்'. சில அரங்குகளில் கைவிரல்களை மூடி முஷ்டி பிடித்தால்தான் கிளிக் ஆகும். எந்த அசைவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

புடவையால் பெரிய தொந்தரவு இல்லை. முழங்கால், கணுக்கால் எங்கே என்று கருவி ஊகித்துத்தான் போடும். ஆனால் கையால் ஆடும் ஆட்டத்துக்கு அது தேவையில்லை. முந்தானையை மட்டும் கையோடு தொங்கவிடாமல் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் கையசைவால் பக்கம் திருப்பும் கருவி செய்ய வேண்டும். குறைந்த செலவில் எதை வாங்கலாம்? எதில் கோளாறு வரும்?
– பதினோராம் வகுப்பு மாணவி, மன்னார்குடி

இரண்டு வழி இருக்கிறது. பக்கம் திருப்ப மட்டும் என்றால் ஏபிடிஎஸ்-9960 என்ற சிறிய சென்சார் போதும். அதிலேயே ஓர் அகச்சிவப்பு எல்இடியும், நான்கு திசைக்கு நான்கு ஒளியுணரிகளும் இருக்கின்றன. கை இடமிருந்து வலமாகப் போனால் இடப்பக்க உணரிக்கு முதலில் ஒளி திரும்பி வரும், வலப்பக்கத்துக்குப் பிறகு வரும். அந்த வித்தியாசத்தை வைத்து இடம், வலம், மேல், கீழ் என்று சொல்லிவிடும்.

இதை 3.3 வோல்ட்டில்தான் ஓட்ட வேண்டும். நேராக 5 வோல்ட் கொடுத்தால் சென்சார் கெட்டுவிடும். அதனால் 5 வோல்ட்டில் ஓடும் அர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையைவிட, 3.3 வோல்ட்டிலேயே ஓடும் இஎஸ்பி32 பலகை வசதி. சென்சாரின் எஸ்டிஏ (தரவு) கம்பியை 21-ஆம் பின்னிலும் எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு) கம்பியை 22-ஆம் பின்னிலும் கொடுங்கள். சென்சாரின் முகவரி 0எக்ஸ்39. இந்த இரு கம்பி இணைப்புக்கு ஐ2சி என்று பெயர். இணைந்த கருவிகளைத் தேடும் ஐ2சி தேடல் நிரலில் அந்த எண் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் நிரலில் இல்லை, கம்பியில்தான். பெரும்பாலும் பின்கள் சாலிடர் செய்யப்படாமல் வெறுமே செருகியிருக்கும். கை 10 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் போனால் நன்றாகப் பிடிக்கும். அதற்கு மேலே போனால் பார்வையாளர்கள் ஆட்டுவார்கள், பக்கம் திரும்பாது. எனவே சென்சாரை ஒரு பெட்டிக்குள் வைத்து மேலே கை படம் வரைந்துவிடுங்கள். பெட்டியின் துளையைக் கண்ணாடியால் மூடாதீர்கள். எல்இடி வெளிச்சம் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பி, எப்போதும் கை இருப்பதாகச் சென்சார் நினைத்துக்கொள்ளும். ஜன்னல் ஓர மேசையும் வேண்டாம், வெயிலும் சென்சாரைக் குழப்பும்.

இரண்டாவது வழி, லேப்டாப்பும் அதிலுள்ள கேமராவும் மட்டும். பைத்தான் நிரல்மொழியில், கேமரா படத்தைக் கையாளும் ஓப்பன்சிவி, கையைக் கண்டறியும் மீடியாபைப் என்ற இரண்டு நிரல்தொகுப்புகளை நிறுவ வேண்டும். நிறுவும்போது பிழை வந்தால் முதலில் பைத்தானின் பதிப்பைப் பாருங்கள். புத்தம்புதுப் பதிப்பு வெளிவந்த உடனே மீடியாபைப் அதற்குத் தயாராக இருக்காது. ஒன்றிரண்டு பதிப்பு பழையதைப் போட்டால் சரியாகிவிடும். கூகுள் 2019-இல் வெளியிட்ட இதன் கை மாடல் (படங்களைப் பார்த்துப் பழகிய நிரல்), ஒரு கையில் 21 புள்ளிகளைக் குறித்துத் தரும்: மணிக்கட்டு ஒன்று, விரலுக்கு நான்காக இருபது. மணிக்கட்டு 0, பெருவிரல் நுனி 4, ஆள்காட்டி விரல் நுனி 8, நடுவிரலின் அடிமூட்டு 9.

கிள்ளுவதுபோல் 4-ஐயும் 8-ஐயும் சேர்த்தால் கிளிக் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். இரண்டு புள்ளிக்கும் நடுவே 30 பிக்சல் என்று எல்லை வைத்தால், ஆள் கொஞ்சம் பின்னால் நகர்ந்ததும் கை சிறிதாகி, விரல் விரிந்திருந்தாலும் கிளிக் ஆகும். அந்தத் தூரத்தை 0-க்கும் 9-க்கும் உள்ள தூரத்தால் வகுத்துவிடுங்கள். வகுத்து வரும் எண் 0.25-க்குக் கீழே போனால் கிளிக், 0.4-க்கு மேலே போனால் விடுவிப்பு என்று இரண்டு தனித்தனி எல்லை வையுங்கள். ஒரே எல்லை வைத்தால் அந்த இடத்தில் கை சற்றே நடுங்கும்போது கிளிக் நான்கைந்து தரம் விழும்.

திரையில் கையோடு நகரும் அம்புக்குறி நடுங்கினால் பழைய இடத்தில் 70 சதவீதமும் புதிய இடத்தில் 30 சதவீதமும் எடுத்துக் கூட்டுங்கள். பழையதை 90 ஆக்கினால் நடுக்கம் போகும், ஆனால் அம்புக்குறி கைக்குப் பின்னால் இழுபடும். கேமரா படத்தின் நடுப்பகுதி 60 சதவீதத்தை மட்டும் எடுத்து முழுத் திரைக்கும் விரித்துக் கொடுங்கள். அப்போதுதான் கை படத்தைவிட்டு வெளியே போகாமல் திரையின் மூலைப் பொத்தானைத் தொட முடியும். படத்தைக் கண்ணாடிபோல் இடவலம் திருப்புவதையும், ஓப்பன்சிவி தரும் நீலம்-பச்சை-சிவப்பு வரிசையைச் சிவப்பு-பச்சை-நீலமாக மாற்றுவதையும் மறந்துவிடாதீர்கள். வரிசையை மாற்றாவிட்டால் நிரல் பிழை எதுவும் காட்டாது, கையை மட்டும் அடிக்கடி தவறவிடும்.

வகுப்பறையில் இருட்டாக இருந்தால் கேமரா தானாகவே ஒளிவாங்கும் நேரத்தை நீட்டிக்கொள்ளும். விநாடிக்கு 30 படம் என்பது 15-ஆகக் குறையும், கையும் மங்கலாகும். நிரலில் மணிக்கணக்காகத் தவறு தேடுவதைவிட, கைமேல் படும்படி ஒரு டியூப்லைட்டைக் கொண்டுவந்து வைப்பது மேல். படத்தில் வரிவரியாக ஓடினால் கேமரா அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில கேமராக்கள் 60-க்கு அமைத்தே வருகின்றன.

எங்கள் நாட்டியப் பள்ளி ஆண்டுவிழாவில், குழந்தை முத்திரை பிடித்தால் அதன் பெயர் திரையில் வரும்படி ஓர் அரங்கு வைக்க ஆசை. கேமரா முத்திரைகளைச் சரியாக அடையாளம் காணுமா?
– பரதநாட்டிய ஆசிரியை, திருவையாறு

ஒற்றைக்கை முத்திரைகளில் பாதியை நன்றாகவே காணும். மீதியில் சில தடுமாறும். இரட்டைக்கை முத்திரைகளை இந்த முறை விட்டுவிடுங்கள்.

மேலே சொன்ன அதே 21 புள்ளிகள்தான். பதாகத்தில் நான்கு விரலும் நிமிர்ந்து, பெருவிரல் மடங்கி ஒட்டியிருக்கும். திரிபதாகத்தில் மோதிர விரல் மட்டும் மடங்கும். அர்த்தபதாகத்தில் சுண்டுவிரலும் சேர்ந்து மடங்கும். மயூரத்தில் மோதிர விரல் நுனி பெருவிரலைத் தொடும். முஷ்டியில் பெருவிரலை நிமிர்த்தினால் சிகரம். இவற்றை ஒவ்வொரு விரலும் நிமிர்ந்திருக்கிறதா மடங்கியிருக்கிறதா என்ற கணக்கை மட்டும் வைத்தே பிரித்துவிடலாம். பதாகமும் அர்த்தசந்திரனும் பெருவிரல் விலகியிருக்கும் கோணத்தில் மட்டும் வேறுபடுவதால், கை கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாலே கேமரா ஒன்றை மற்றொன்றாகச் சொல்லும். விரல் நுனிகள் கேமராவை நோக்கி நீட்டியிருந்தாலும் இதே சிக்கல்தான்; பின்னால் மறைந்த விரல் எங்கே என்று மாடல் ஊகம்தான் சொல்லும்.

அஞ்சலியில் இரண்டு உள்ளங்கையும் ஒட்டியதும் ஒரு கை காணாமல் போகும். கர்க்கடகத்தில் விரல்கள் பின்னிக்கொள்வதால் எந்த விரல் எந்தக் கையுடையது என்பதே தெரியாது. 'கேமரா தப்பாகச் சொல்கிறது' என்று குழந்தை முகம் வாடுவதைவிட அவற்றைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூல் சொல்லும் 28 ஒற்றைக்கை முத்திரைகளில், தோற்றத்தில் ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபடும் எட்டுப் பத்தை முதலில் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு பேரின் கைகளில், கொஞ்சம் கொஞ்சம் திருப்பி, இருநூறு படமாவது பதிவு செய்யுங்கள். குழந்தைகளின் கையும் பெரியவர்களின் கையும் கலந்திருக்கட்டும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மணிக்கட்டின் இடத்தைக் கழித்து, உள்ளங்கை நீளத்தால் வகுத்து, சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரல்தொகுப்பில் இருக்கும் எளிய வகைப்படுத்தி (எந்த முத்திரை என்று பிரித்துச் சொல்லும் நிரல்) ஒன்றில் கொடுத்தால் போதும். பெரிய கணினி எதுவும் வேண்டாம்.

உங்களுக்கு நிரல் எழுதித் தரும் தம்பி '99 சதவீதம் சரி' என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். ஒரே வீடியோவின் அடுத்தடுத்த படங்களில் பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் வைத்தால் அந்த எண் எளிதாக வந்துவிடும். இரண்டும் ஒரே கை, ஒரே வெளிச்சம். பயிற்சியில் கையே காட்டாத ஒரு மாணவியை வைத்துச் சோதித்து வரும் எண்தான் விழா மேடையில் உங்களுக்குக் கிடைக்கப் போவது. நிரல் தன் விடைமேல் வைக்கும் நம்பிக்கை மதிப்பு (முழு நம்பிக்கை என்றால் 1) 0.8-க்குக் கீழே போனால் பெயர் சொல்லாமல், 'கையைக் கொஞ்சம் நேராகக் காட்டு' என்று திரையில் வரச் செய்யுங்கள். தப்பான பெயர் வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் இருக்கும் கரணச் சிற்பங்களையும் (நாட்டிய நிலைகளைக் காட்டுபவை) இப்படிக் கேமராவால் அடையாளம் காண முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். 108 கரணங்களில் 81 மட்டுமே அங்கே செதுக்கி முடிக்கப்பட்டவை. உடல் நிலைக்கு 33 புள்ளி மாடல் இருக்கிறது, ஆனால் அது மனித உடலைப் பார்த்துப் பழகியது. அங்கே கரணம் ஆடுபவர் நான்கு கை ஈசன். மாடலுக்குத் தெரிந்தது இரண்டு கைதான். எந்த இரண்டை எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. உங்கள் மாணவிகள் அந்தக் கரணத்தில் நின்று காட்ட, அதைக் கேமரா பார்ப்பது நடக்கக்கூடிய காரியம்.

மிதித்தால் மீன்கள் விலகி ஓடும் தரைப்படம் எப்படி வேலை செய்கிறது? தரைக்கு அடியில் சென்சார் இருக்கிறதா? எங்கள் கூடத்தில் வைக்க முடியுமா?
– தனியார் பயிற்சி மைய நடத்துநர், மயிலாடுதுறை

அடியில் ஒன்றும் இல்லை. எல்லாம் மேலேதான். ஒரு புரொஜெக்டர், அதன் பக்கத்தில் ஒரு கேமரா, அகச்சிவப்பு விளக்கு ஒன்று. சாதாரணக் கேமராவாக இருந்தால் ஓடும் மீனையே கால் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வடிகட்டித் தடுத்து, 850 நானோமீட்டர் அகச்சிவப்பை மட்டும் பார்க்கும் கேமராவை வைக்கிறார்கள். புரொஜெக்டர் படம் அதற்குத் தெரியாது, கால் தெரியும். வெறும் தரையின் படத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாறிய இடம் எதுவோ அங்கே கால் என்று கணக்கிடும்.

அளவு எளிது. புரொஜெக்டரின் எறிவிகிதம் (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வரும் எண்) 1.2 என்றால், 3 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டரை மீட்டர் அகலப் படம் கிடைக்கும். படத்தின் நான்கு மூலைகளையும் கேமராவுக்குக் காட்டி ஒருமுறை பொருத்த வேண்டும். பிறகு யாராவது கேமராவை இடித்துவிட்டால், கால் வைத்த இடம் ஒன்று, மீன் ஓடும் இடம் வேறொன்று என்று ஆகிவிடும்.

கெடுப்பவை நான்கைந்து. மின்விசிறி இறக்கை கேமராவின் பார்வையில் பட்டால் மீன்கள் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். பளபளவென்று மெழுகிய சிவப்பு ஆக்சைடு தரையும், மினுக்கும் டைல்ஸும் விளக்கைத் திருப்பிக் காட்டும். மேல்பூச்சு மினுக்காத வெள்ளை ஃபிளெக்ஸ் விரித்து ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். வாசல் வழியாக வெயில் விழுந்து நகர்ந்தால் அதையும் கால் என்று நினைக்கும். சிசிடிவி கேமரா சும்மாதானே இருக்கிறது என்று அதை நெட்வொர்க் வழியாக இணைத்தால் படம் தாமதமாக வரும், குழந்தை தாண்டிப் போன பிறகு மீன் விலகும். யுஎஸ்பி கேமராதான் சரி.

இன்னொன்று பலருக்குப் புரியாமல் போகும். பின்னணியைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் நிரலில், ஒரு குழந்தை அசையாமல் நின்றுகொண்டே இருந்தால் அதுவும் 'தரை' ஆகிவிடும், மீன் அதன் கால்மேலேயே நீந்தும். குழந்தை விலகியதும் அங்கே இல்லாத காலைக் கண்டு மீன் ஓடும். புதுப்பிக்கும் வேகத்தைக் குறைத்தால் இது சரியாகும்.

இந்த ஆட்டங்களில் ஐந்து நிமிடத்திலேயே தோள் வலிக்கிறது. எனக்கு மட்டும்தானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகப்பட்டினம்

எல்லாருக்கும்தான். கையை நீட்டியே வைத்திருக்கச் சொல்வது வடிவமைத்தவரின் பிழை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை மட்டும் அசைத்துப் பாருங்கள், பெரும்பாலான கருவிகளுக்கு அதுவே போதும். நாற்காலி கேட்கத் தயங்காதீர்கள். கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் உட்கார்ந்தபடியும் ஆடலாம்.

எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக வந்த, உடலசைவைக் காணும் பழைய கைனெக்ட் கருவி இரண்டாம் கையாகக் கிடைக்கிறது. திருவிழாப் பந்தலில் அரங்கு வைக்க வாங்கலாமா?
– ஒலி-ஒளி அமைப்பாளர், கும்பகோணம்

வாங்கலாம், எது என்று பார்த்து வாங்குங்கள். 2010-இல் வந்த முதல் வகை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை எதிரே வீசி, அவை விழும் அமைப்பை வைத்துத் தூரம் கணக்கிடும். இரண்டு பேரின் உடல் மூட்டுகளை, ஆளுக்கு 20 வீதம் தரும். 2013-இல் வந்த இரண்டாம் வகை, ஒளி போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிடும். ஆறு பேர், ஆளுக்கு 25 மூட்டு, தூரம் அரை மீட்டரிலிருந்து நாலரை மீட்டர்வரை. உற்பத்தி 2017-இலேயே நின்றுவிட்டது.

இரண்டாம் வகையைக் கணினியோடு இணைக்கத் தனி அடாப்டர் வேண்டும். அதுவும் இப்போது தயாரிப்பில் இல்லை. அடாப்டர் இல்லாமல் கருவியை மட்டும் மலிவாகக் கொடுத்தால் வாங்க வேண்டாம். யுஎஸ்பி 3.0 துளையில்தான் செருக வேண்டும். சாதாரண நீட்டிப்புக் கேபிள் போட்டால் விட்டுவிட்டு இணைப்பு அறும். முதல் வகைக்கும் 12 வோல்ட் மின்சாரம் தரும் அடாப்டர் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வகைக் கருவிகள் இரண்டை ஒரே இடத்தைப் பார்க்க வைத்தால் இரண்டின் புள்ளிகளும் கலந்து இரண்டுமே தடுமாறும்.

பந்தலுக்கு வருவோம். வெயிலில் அகச்சிவப்பு நிறைய இருப்பதால் பகலில் இந்தக் கருவியின் ஒளி பட்டப்பகலில் ஏற்றிய அகல்விளக்குதான். பொழுது சாய்ந்த பிறகு தொடங்குங்கள். பகலிலேயே வேண்டுமென்றால் மூன்று பக்கமும் அடர்ந்த துணி கட்டி, கருவி முதுகை வாசலுக்குக் காட்டி உள்ளே பார்க்கும்படி வையுங்கள். உங்கள் தொழிலில் இன்னும் புழங்கும் ஹாலோஜன் ஃபோகஸ் விளக்கும் வெயிலுக்குச் சமம்தான். வீடியோக்காரர் அதைத் திருப்பியதும் ஆட்டம் நின்றுவிடும். எல்இடி விளக்கு என்றால் பயமில்லை. கருவியின் அகச்சிவப்பு ஒளி வருகிறதா என்று சந்தேகம் வந்தால் கைபேசியின் முன் கேமரா வழியாகப் பாருங்கள். மங்கிய ஊதா நிறத்தில் தெரியும். டிவி ரிமோட்டைச் சோதிக்கும் அதே உத்திதான்.

கருவியை ஆளின் நெஞ்சு உயரத்தில், ஆட்டமில்லாத இரும்புத் தாங்கியில் வையுங்கள். ஸ்பீக்கர் பெட்டிமேல் வைக்காதீர்கள். தாள அடி விழும்போதெல்லாம் படமும் நடுங்கும். டிவியில் காட்டுவதானால் அதன் அமைப்பில் 'கேம்' முறையைப் போடுங்கள். இல்லாவிட்டால் டிவி படத்தை மெருகேற்றிக் காட்டும் நேரத்தில் கை முன்னே போயிருக்கும். ஜெனரேட்டர் மாறும் அந்த இரண்டு விநாடியில் லேப்டாப் பேட்டரியில் ஓடும், புரொஜெக்டரோ கைனெக்டோ ஓடாது. 300 வாட் புரொஜெக்டருக்கு 600 விஏ யுபிஎஸ் சில நிமிடம் தாங்கும். கைனெக்டையும் அதிலேயே செருகுங்கள்.

இப்படி விளையாடும்போது என் பேத்தியின் முகத்தைப் பதிவு செய்துகொள்வார்களா?
– வாசகர், திருவாரூர்

விளையாட்டுக்கு முகம் தேவையில்லை, மூட்டுப் புள்ளிகளே போதும். கேமரா படத்தைச் சேமிக்காமலேயே ஆட்டத்தை நடத்தலாம். ஆட்டம் முடிந்ததும் 'உங்கள் புகைப்படம் வாட்ஸ்அப்பில் வரும், எண்ணைக் கொடுங்கள்' என்றால் அங்கே சேமிக்கிறார்கள் என்று பொருள். 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. படம் எங்கே போகிறது, எப்போது அழிப்பீர்கள் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால், பேத்தியை அடுத்த அரங்குக்கு அழைத்துப் போங்கள்.